எட்டாவது கதை எங்கே டீச்சர்?

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்துவது வீண் வேலை. பாதிப் பிள்ளைகளின் கையில் மஞ்சள் கயிறு இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஆற்றைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். யாருடைய செருப்போ போனது, யாருடைய மாமாவோ வழுக்கி விழுந்தார். எங்கள் பள்ளி அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கிறது. மொத்தம் 22 பிள்ளைகள். அன்று கடைசிப் பிரிவேளையில், எப்படியும் ஆற்றைப் பற்றித்தானே பேசப்போகிறார்கள் என்று பையிலிருந்து பரமார்த்த குருவின் கதையை எடுத்தேன்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு பொல்லாதது, விழித்திருக்கும்போது இறங்கினால் ஆளை விழுங்கிவிடும், தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்கிறார் குரு. தூங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கிறான். ‘சொய்ங்’ என்று சத்தம் போட்டுப் புகைகிறது. "ஐயோ, முழிச்சிருக்கு!" என்று திரும்பி ஓடி வருகிறான்.

நான் நிறுத்தினேன். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மிகவும் கவலையாக, "அப்ப எப்படி டீச்சர் போவாங்க?" என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த நிமிடத்துக்காகத்தான். கதை சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம் போடும். அதில் ஒரு சுக்கும் தெரியாது. ஆனால் நகைச்சுவைக் கதையில் பிள்ளைகள் பொய் சொல்ல முடியாது. புரிந்தவன் உடனே சிரிப்பான். புரியாதவன் முதலில் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான், பிறகு சிரிப்பான். அந்த அரை நொடி இடைவெளியைப் பார்க்கக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் போதும், தனியாகக் கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். யாருக்கு எந்த இடத்தில் கதை கை நழுவுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அன்று நழுவியது கொள்ளிக்கட்டையில். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் இப்போது கேஸ் அடுப்பு. எரிகிற விறகைத் தண்ணீரில் முக்கினால் சத்தம் வரும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு அந்த ஆறு உண்மையிலேயே சீறியது. சீடன் பயந்தது அவர்களுக்கு நியாயமாகவே பட்டது. மறுநாள் சத்துணவு அக்காவிடம் தோசைக் கரண்டியைச் சூடு காட்டித் தரச் சொல்லி, வாளித் தண்ணீரில் முக்கினேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறியது. "வாளி முழிச்சிருக்கு!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், முந்தின நாள் சிரிப்பும் சேர்த்து அன்றைக்கு வந்தது. அணைந்துபோன அதே கட்டையை மறுபடி கொண்டுபோய் வைத்து, சத்தம் வராததால் ஆறு தூங்கிவிட்டது என்று சீடர்கள் முடிவு கட்டும் இடத்தில் நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "கொள்ளிக்கட்டையை வெச்சதாலதான் டீச்சர் கொள்ளிடம்னு பேரா?" வெள்ளத்தைக் கொள்ளுகிற இடம், அதனால் கொள்ளிடம் என்று விளக்கினேன். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுடைய விளக்கமே அவனுக்குப் பிடித்திருந்தது தெரிந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் இந்தப் புத்தகம் என்று சொல்ல வேண்டும். எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பதாவது வயதை ஒட்டி இங்கே வந்த பெஸ்கி பாதிரியார். அவர் நீண்ட காலம் இருந்த ஏலாக்குறிச்சி எங்கள் பிள்ளைகள் திருவிழாவுக்குப் போய்வருகிற ஊர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்றெல்லாம் பெரிய வகுப்புகளில் படிப்பார்கள். என் பிள்ளைகளுக்கு அவரோடு வேறொரு உறவு உண்டு. மூன்றாம் வகுப்பில் பாதித் தகராறு ‘கெ’க்கும் ‘கே’க்கும்தான், ‘கொ’வுக்கும் ‘கோ’வுக்கும்தான். குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு என்று இன்று நாம் எழுதுவது அவர் கொண்டுவந்த சீர்திருத்தம். அதற்கு முன்பு ஓலையில் குறிலின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள், பல நேரம் அந்தப் புள்ளியையும் விட்டுவிடுவார்கள். "நீங்க தப்பாப் போடுற கொம்பைக் கண்டுபிடிச்சவருதான் இந்தக் கதையை எழுதினவரு" என்று சொன்னபோது, சிலர் அவரை மன்னித்த மாதிரி தெரியவில்லை.

புத்தகமே பாடம் சொல்லிக்கொடுக்கப் பிறந்ததுதான். தமிழ் கற்க வந்த வெளிநாட்டுப் பாதிரிமார்கள் பேச்சு நடையோடு பழகட்டும் என்று எழுதியது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். அதில் எட்டுக் கதைகள். எட்டும் தனித்தனி இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஒன்றில் பட்ட அடி அடுத்ததில் காரணமாகிறது. ஆற்றைக் கடக்கப் பட்ட பாட்டில்தான் குருவுக்கு ஒரு குதிரை வேண்டும் என்ற எண்ணமே வருகிறது, குதிரை வாங்கப் போய்த்தான் குதிரை முட்டை வருகிறது.

ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் இந்த அளவில் சிரிப்புப் புத்தகம் தேடிப்பாருங்கள், கஷ்டம் தெரியும். படக்கதைப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. வாசிப்பு இயக்கம் கொண்டுவந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்களும் எங்கள் வகுப்பில் கயிற்றில் தொங்குகின்றன, பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அவை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பக்கம் போனால் பெரிய பிள்ளைகளுக்கான நாவல்கள். நடுவில், அத்தியாயம் அத்தியாயமாக, ஒரு மாதம் கூடவே வருகிற, அதுவும் சிரிக்கவைக்கிற புத்தகம் என்றால் கை காலியாகத்தான் திரும்புகிறது. பத்திரிகையில் ‘தொடரும்’ என்ற ஒரு சொல்லுக்காக அடுத்த வாரம் வரை ஏங்கி வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏக்கம் இப்போது டிவி சீரியல் பார்க்கும் பாட்டிகளுக்கு மட்டும்தான் மிச்சம்.

பழைய பதிப்பின் நடையை அப்படியே வாசிக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டு உரைநடை, வாக்கியம் முடிவதற்குள் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டிவிடும். முந்தின இரவே என் மொழியில் எழுதி வைத்துக்கொண்டேன். பேச்சு வரும் இடங்களைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நடக்கும் வகுப்பு என்பதால் மற்ற நேரமெல்லாம் அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாக உட்கார்ந்திருப்பார்கள். இந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் கலந்து உட்காரச் சொன்னேன். மலர்க் குழுப் பிள்ளை வேகமாக வாசிக்கும், ஆனால் சிரிப்பில் அரும்பு முந்திக்கொள்ளும். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வாசிக்கத் திணறுகிற ஒரு பையன் ஆடு மேய்க்கப் போகிறவன். அவனுக்குக் கதையில் வரும் மாடும் சந்தைப் பேரமும் தெரிந்த விஷயம். சீடன் ஏமாறப்போகிறான் என்பது எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

எண்ணிக்கைக் கதையை நடித்தே காட்டினோம். ஆற்றைக் கடந்தபின் ஒருவன் எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஆறாவது ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் அழுகிறார்கள். ஆறு பேரை நிறுத்தி ஒருவனை எண்ணச் சொன்னதும் உட்கார்ந்திருந்த 16 பேரும் எழுந்து நின்று கத்தினார்கள், "ஒன்ன எண்ணு! ஒன்ன எண்ணு!" கணக்குப் பாடத்தில் விரலை மடக்கி மடக்கித் தப்புவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம் கத்தியது. அவர்களைவிடக் கணக்குத் தெரியாத ஒரு கூட்டத்தை, அதுவும் தாடி வைத்த பெரிய மனிதரை, அன்றுதான் அவர்கள் சந்தித்தார்கள்.

குதிரை முட்டைக் கதை நான் நினைத்த அளவுக்கு எடுபடவில்லை. காரணம் எளிது. குதிரை முட்டை போடுமா போடாதா என்பதே சிலருக்கு நிச்சயமில்லை. ஆடு, மாடு, நாய் தெரியும். குதிரையை அவர்கள் பார்த்ததெல்லாம் அய்யனார் கோயிலில், மண்ணில் செய்து நிறுத்தியது. "மண் குதிரை முட்டை போடாது" என்று ஒருத்தி உறுதியாகச் சொன்னாள். சரி என்று கதையை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டோம், முட்டை போடுபவை, குட்டி போடுபவை. காது வெளியே தெரிந்தால் குட்டி, தெரியாவிட்டால் முட்டை என்று ஆட்டுக்காரப் பையன் அவன் தாத்தா சொன்ன சூத்திரத்தைச் சொன்னான். பெரும்பாலும் சரியாக வந்தது. வௌவாலில் ஒரு பெரிய சண்டை. ஒரு வழியாகக் குதிரை குட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தபின், பூசணிக்காயைக் காட்டிக் குதிரை முட்டை என்று விற்கும் இடத்தை மறுபடி வாசித்தேன். இப்போது சிரித்தார்கள். ஆனாலும் விளக்கிவிட்டுச் சொன்ன நகைச்சுவை ஆறிய தோசைதான்.

மாட்டின் நிழலில் உட்கார்ந்ததற்கு வாடகை கேட்கும் கதையை வேகமாகக் கடந்துவிட்டேன். பஞ்சாயத்துப் பேச்சு நீளம், பிள்ளைகள் நெளிந்தார்கள். குளத்தில் தெரியும் மண் குதிரையின் நிழலைப் பார்த்துத் தூண்டில் போட்டுக் குதிரை பிடிக்க முயலும் கதைக்கு நேர் எதிர். அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

ஆறாவது கதையில் எனக்கு ஒரு சங்கடம். மரக்கிளையின் நுனியில் உட்கார்ந்து அடியை வெட்டுகிற சீடனைப் பார்த்து, விழப்போகிறாய் என்கிறார் ஒரு புரோகிதர். அவன் விழுகிறான். நடக்கப்போவதைச் சொல்கிற பெரிய ஞானி இவர் என்று நம்பி, எங்கள் குரு எப்போது சாவார் என்று கேட்கிறான். ஆசனம் குளிர்ந்தால் உயிர் போகும் என்கிறார் அவர். ‘ஆசனம்’ என்றால் பிள்ளைகளுக்கு யோகாசனம். ‘பின்பக்கம்’ என்று வாசித்தேன். பத்து வினாடி அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் அந்த இடத்துக்கு ஊரில் சொல்லும் வார்த்தையை அப்படியே சொன்னது. அதற்குமேல் அன்று வகுப்பு நடக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "என்னம்மா பாடம்?" என்றார். "தமிழ்தான் சார்" என்றேன்.

அடுத்த வாரம் மழை. சிமெண்டுத் தரை காலையில் சில்லென்று இருக்கும். வழிபாடு முடிந்து உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி துள்ளி எழுந்தாள். "டீச்சர், குளுந்துருச்சு!" ஒவ்வொருவராக எழுந்துகொண்டார்கள். படித்த கதை பிள்ளைகளின் உடம்புக்குள் போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதவேண்டும். சீடர்களின் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். முதல் நாள் சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயடியில், எழுத்துக் கூட்டத் திணறும் இன்னொரு பையனை நான்கு பேர் "டேய் மட்டி" என்று கூப்பிடுவது காதில் விழுந்தது. கதையில் வரும் முட்டாளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்கும் நடுவே சுவர் ஒன்றும் கிடையாது. ஆசிரியர்தான் கட்டவேண்டும், நான் கட்டவில்லை. அதற்கு முன்னால் எத்தனை வருடம் நானே கோபத்தில் "மடையா" என்றிருக்கிறேன் என்று யோசித்தபோது அவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை.

திட்டாமல் ஏற்பாட்டை மாற்றினேன். சீடர் வேடத்துக்குத் தினமும் சீட்டுக் குலுக்கினோம், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் மூடன் வந்தது. மிலேச்சன் என்ற பெயரை எடுத்தேவிட்டேன். அந்நியரை இகழ்வதற்கு இருந்த சொல், பிள்ளைகளுக்கு அது எதற்கு? (அந்நிய நாட்டிலிருந்து வந்தவரே அதைத் தன் கதையில் ஒரு முட்டாளுக்கு வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம். தன்னையே கிண்டல் செய்துகொண்டாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு.) குரு வேடத்தை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குத் தலையை எண்ணி, உண்மையாகவே ஒன்று குறைத்துச் சொல்லிவிட்டேன். "டீச்சரு அவங்கள எண்ணலடா" என்று கூவினார்கள். நான் என்னை எண்ணவேண்டிய அவசியமே இல்லை, ஒரு பிள்ளையைத்தான் விட்டிருந்தேன். ஆனாலும் திருத்தவில்லை. ஒரு வாரம் நான்தான் மட்டி. குழாயடியில் அந்தப் பெயர் குறைந்தது. நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்.

ஏழாவது கதைக்கு வருகிறேன். இதற்காகவே இந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு வழியாகக் கிடைத்த கிழட்டுக் குதிரையில் குரு போகிறார். கிளை தட்டித் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்காமல் வருகிறார்கள். விழுவதை எல்லாம் எடுக்கவேண்டும் என்கிறார் குரு. உடனே குதிரை போடும் சாணியையும் தலைப்பாகையில் ஏந்திக்கொண்டுவந்து நீட்டுகிறார்கள். (இந்த இடத்தில் ஆசிரியர் ஐந்து நிமிடம் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்.) கோபத்தில் குரு எதை எதை எடுக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் பட்டியலைப் பார்த்து வேட்டியை எடுக்கிறார்கள், துண்டை எடுக்கிறார்கள், குருவை எடுக்கவில்லை. பட்டியலில் குரு இல்லை.

கட்டுரை எழுது என்றால் பென்சிலைக் கடிக்கும் பிள்ளைகளிடம், "உங்க பையிலிருந்து விழுந்தா எடுக்கவேண்டியது என்னென்ன, எழுதுங்க" என்றேன். பென்சில், ரப்பர், தட்டு, டம்ளர். இதுவரை நாலு வரி தாண்டாத பையன் பதினொன்று எழுதினான். ‘கோலி’க்கு இரட்டைச் சுழி சரியாகப் போட்டிருந்தான். ஒருத்தி கடைசி வரியாக ‘நான்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். குருவைவிடப் புத்திசாலி.

எட்டாவது கதையில் குரு சாகிறார். ஆசனம் குளிர்ந்துவிட்டது என்ற பயத்திலேயே மயங்கி விழுகிறவரைச் செத்துவிட்டார் என்று நினைத்துச் சீடர்கள் தண்ணீரில் அமுக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். அதிலேயே உயிர் போகிறது. எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. அந்த மாதம்தான் ஒரு பிள்ளையின் வீட்டில் தாத்தா தவறியிருந்தார். ஏழாவது கதையோடு "கதை முடிஞ்சுது" என்று சொல்லிப் புத்தகத்தை மேசை மேல் வைத்தேன். காலாண்டுத் தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது, காரணத்துக்குக் குறைவில்லை.

மறுநாள் காலை மூன்று பேர் பொருளடக்கப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் நாள் கவலைப்பட்ட அந்தப் பெண்தான் முன்னால். விரலை வைத்து எண்ணினாள். "ஏழுதான் டீச்சர் படிச்சோம். இதுல எட்டு இருக்கு. எட்டாவது கதை எங்க?" எண்ணத் தெரியாத குருவின் கதையைச் சொல்லிவிட்டு எண்ணிக்கையில் ஏமாற்றப் பார்த்தது என் முட்டாள்தனம்.

வாசித்தேன். தாத்தாவை இழந்த பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மெதுவாக. சிரிப்பு முதலில் இருந்தது, போகப் போகக் குறைந்தது. தண்ணீரில் அமுக்கும் இடத்தில் யாரும் பேசவில்லை. நான் புத்தகத்தை மூடினேன். "சாவலன்னு எப்படித் தெரியும் அவங்களுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்களுக்குள் விவாதம் தொடங்கியது. மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கலாம், கிச்சுக்கிச்சு மூட்டியிருக்கலாம், சாம்பார் வாசம் காட்டியிருக்கலாம் என்றெல்லாம் யோசனை வந்தது.

பக்கத்தில் இருந்த பையன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆத்துக்கு வெச்சுப் பாத்தாங்கள்ல டீச்சர், அதே மாதிரி குருவுக்கும் கொள்ளி வெச்சுப் பாத்திருக்கலாம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். 22 பேரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அரை நொடி கழித்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.